வேனுக்குள் கரண்ட்: கல்லடி வயரிங்காரரின் கேள்வி பதில்

போன இதழில் வேனைப் படுத்துறங்கும் வேனாக மாற்றுவது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் முக்கால்வாசி மின்சாரத்தைப் பற்றித்தான். கட்டிலை எப்படி அடிப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது ஓடாவியார் பாடு. இந்த முறை வயர் மட்டும்.

கேள்வி: டொல்பின் வேன் ஒன்று வாங்கியிருக்கிறேன். சீசனுக்கு அறுகம்பேயில் நின்று, அப்படியே உகந்தை, குமணப் பக்கம் போய்வர ஆசை. ஃப்ரிட்ஜ், இரண்டு ஃபேன், லைட், லப்டொப், ரைஸ் குக்கர் வேண்டும். கடையில் 200 ஏஎச் பற்றரியும் 3000 வாட் இன்வேர்ட்டரும் எழுதித் தந்திருக்கிறார்கள். சரியா பாஸ்?
*(கல்முனை வாசகர்)*

தம்பி, அந்தச் சீட்டை மடித்துப் பொக்கற்றில் வையுங்கள். முதலில் ஒரு கொப்பியை எடுங்கள். எது எத்தனை அம்பியர் இழுக்கும், எத்தனை மணித்தியாலம் ஓடும் என்று எழுதிப் பெருக்கினால் அம்பியர்-மணி வரும். கடைக்காரர் சொல்லுகிற ஏஎச் அதுதான்.

12 வோல்ட் கொம்பிரசர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4, 5 அம்பியர் இழுக்கும். எந்நேரமும் ஓடாது என்றாலும், கச்சான் காற்று அடிக்கிற நாளில் மூடிய வேனுக்குள் அதற்கு ஓய்வு குறைவு. ஒரு நாளைக்கு 40 என்று போடுங்கள். ஃபேன் ஒன்றுக்கு ஒன்றரை அம்பியர், இரண்டும் ஒன்பது மணித்தியாலம் சுற்றினால் 27. எல்ஈடி லைட் எல்லாம் சேர்த்து 5. லப்டொப், போன் சார்ஜுக்கு 12. கூட்டினால் 84.

ரைஸ் குக்கரை வேண்டுமென்றே விட்டு வைத்தேன். 500 வாட் குக்கர் அரை மணித்தியாலம் வேலை செய்தால், இன்வேர்ட்டரில் வீணாகிறதையும் சேர்த்து, ஒரு தடவைக்கு 24 அம்பியர்-மணி போகும். ஒரு பானை சோற்றுக்கு, இரண்டு ஃபேனும் ராமுழுக்கச் சுற்றுகிற கரண்ட்! சமையலைக் கேஸுக்கு விடுங்கள். 5 கிலோ சிலிண்டர் ஒன்று போதும். கேஸ் காற்றை விடப் பாரம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டியின் அடியில் வேனுக்கு வெளியே திறக்கிற ஓட்டை இருக்க வேண்டும். பற்றரி, ரிலே, சுவிச் ஒன்றும் அந்தப் பெட்டிக்குள் வரக் கூடாது.

குக்கர் போய்விட்டால் 3000 வாட் இன்வேர்ட்டருக்கு வேலையில்லை. அதை முழுசாக ஓட்டினால் 12 வோல்ட் பக்கம் 290 அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். ஸ்டாட்டர் மோட்டர் இழுக்கிற மாதிரித்தான், ஆனால் ஸ்டாட்டர் இரண்டு வினாடியில் விட்டுவிடும். இதற்குப் பெருவிரல் தடிப்பில் கேபிள் வேண்டும். 100 ஏஎச் லித்தியம் பற்றரி என்றால் உள்ளே இருக்கிற பிஎம்எஸ் பலகை (பற்றரிக்குக் காவல் நிற்கிற எலக்ட்ரோனிக் பலகை) பெரும்பாலும் 100 அம்பியரிலேயே வெட்டிவிடும். லப்டொப்புக்கு 600 வாட் 'பியூர் சைன்' (வீட்டுக் கரண்ட் மாதிரிச் சீரான அலை தருகிற) இன்வேர்ட்டர் ஒன்று வாங்குங்கள். பாவிக்காத நேரம் அதை ஓஃப் பண்ணுங்கள். சும்மா கிடந்தாலும் அரை அம்பியர், ஒரு அம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் முழுக்க விட்டால் ஃபேனுக்கு வைத்த பங்கில் பாதியாவது போய்விடும்.

பற்றரிக்கு வருவோம். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். 84 வேண்டுமென்றால் 170க்கு மேல் வாங்க வேண்டும். அந்த வகையில் கடைக்காரரின் 200 சரிதான். ஆனால் 'டீப் சைக்கிள்' (ஆழமாக இறக்கி இறக்கி ஏற்றுவதற்கென்று செய்த) வகையாகப் பார்த்து வாங்குங்கள், வாகனம் ஸ்டாட் பண்ணுகிற பற்றரி இதற்குத் தாங்காது. லித்தியம் ஃபொஸ்பேற் (எல்எஃப்பி) என்றால் 80, 90 வீதம் வரை எடுக்கலாம், 100 ஏஎச் ஒன்றே ஒரு நாளைக்குப் போதும். பாரமும் பத்துப் பன்னிரண்டு கிலோதான். ஈயத்தில் 200 என்றால் ஐம்பது கிலோ தாண்டும். விலையைப் பார்த்து முடிவெடுங்கள், நான் இரண்டையும் பூட்டிக் கொடுக்கிறேன். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: டொல்பினில் எஞ்சின் முன் சீற்றுக்கு அடியில்தான் இருக்கிறது, அதன் பக்கத்தில் வீட்டுப் பற்றரியை (ஃப்ரிட்ஜ், ஃபேன் ஓட்டுகிற இந்தப் பற்றரிக்கு நாங்கள் சொல்லுகிற பெயர்) வைக்காதீர்கள். வெப்பம் பத்துப் பாகை கூடினால் ஈயப் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் சொல்லுகிற கணக்கு. பின் சில்லுக்கு மேலே, இறுகக் கட்டி வையுங்கள். தண்ணீர் ஊற்றுகிற பற்றரி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வாயு விடும். அதைக் கட்டிலுக்கு அடியில் காற்றில்லாமல் அடைத்து வைப்பது கூடவே கூடாது.

கடைச் சீட்டில் இல்லாத சாமான் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் முதலில் காசை ஒதுக்க வேண்டும். பியூஸும் வயரும். பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் பியூஸ் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ள வயருக்குக் காவல் கிடையாது. வேன் குலுங்கிக் குலுங்கி அந்த வயரின் தோல் தகட்டில் உரசினால் ஆயிரக்கணக்கான அம்பியர் கொட்டும், பலகையும் மெத்தையும் நிறைந்த வேன் எரிய வேறொன்றும் வேண்டாம். மறுகா, ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனிப் பியூஸ். ஃப்ரிட்ஜுக்கு 15, ஃபேனுக்கு 10, லைட்டுக்கு 5. பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற, ஃப்ரிட்ஜைக் காப்பாற்ற அல்ல. பியூஸ் போகுதென்று பெரிய பியூஸ் போடுகிறவர்களும், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றுகிறவர்களும் என் கராஜுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், சிலர் கருகிய வேனோடு.

இன்னொன்று. ஹாட்வெயாரில் வீட்டுக்கு வாங்குகிற 7/0.67 வயரை வேனுக்குள் இழுக்காதீர்கள். அதுவும் 2.5 எம்எம் (குறுக்குவெட்டு, சதுர மில்லிமீற்றரில்) செம்புதான், கரண்ட் தாங்கும். ஆனால் ஏழே ஏழு தடித்த இழை. சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்தது. பொத்துவில் தாண்டிப் பாணமை, அங்கால உகந்தை வரை குலுங்கினால் நெட்டின் கழுத்தில் ஒவ்வொரு இழையாக முறியும். மெல்லிய இழை பல உள்ள வாகன வயரே வேண்டும். அதையும் வாங்க முதல் நுனியை பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: கேடிஎச் வேன். பின்பக்கம் சிகரெட் லைட்டர் சொக்கட்டில் ஃப்ரிட்ஜ் குத்தியிருக்கிறேன். பகலில் ஓடுகிறது, நடுச்சாமத்தில் நின்றுவிடுகிறது. பற்றரியை அளந்தால் 12.2 வோல்ட் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் பழுதா?
*(அக்கரைப்பற்று வாசகர்)*

ஃப்ரிட்ஜில் ஒன்றும் இல்லை. நீங்கள் அளந்த இடம் பிழை. பற்றரியில் என்ன இருக்கிறது என்பது ஃப்ரிட்ஜுக்குத் தெரியாது, தன் வாசலுக்கு வந்து சேருகிறதை மட்டும்தான் அது பார்க்கும். வயல்காரருக்கு இது விளங்கும்: குளத்தில் தண்ணீர் தளும்பினாலும், வாய்க்கால் ஒடுக்கம் என்றால் கடைசி வயலுக்கு ஈரம்தான் வரும்.

கணக்கைப் பாருங்கள். அந்தச் சொக்கட்டுக்குப் போகிறது 1.5 எம்எம் வயர் என்று வைப்போம். பற்றரியிலிருந்து பின்பக்கம் 6 மீற்றர், போய்வர 12. அந்த நீளச் செம்பின் தடை 0.14 ஓமுக்குக் கிட்ட. 5 அம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். கொம்பிரசர் கிளம்புகிற நேரம் இன்னும் கூட இழுக்கும், அப்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் விழும். பகலில் எஞ்சினோ சோலரோ 13.5 கொடுக்கிறது, தெரியவில்லை. ராவில் 12.2இலிருந்து ஒரு வோல்ட் கழிந்தால், ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற பற்றரிக் காவல் 'போதும்' என்று நிறுத்திவிடும். இப்படியான ஃப்ரிட்ஜ்களில் அந்தக் காவலுக்கு உயர், நடு, தாழ் என்று நிலைகள் இருக்கும். உங்களுடையது உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அதைத் தாழ்த்தினால் அவசரத்துக்கு ஓடும், ஆனால் அது வைத்தியம் அல்ல.

வைத்தியம் இதுதான்: பியூஸ் பெட்டியிலிருந்து நேரே 6 எம்எம் வயர், பிளஸ் மைனஸ் இரண்டும். அதே 12 மீற்றரில் அதே 5 அம்பியருக்கு 0.17 வோல்ட்தான் விழும். அந்த சிகரெட் சொக்கட்டையும் கழற்றி எறியுங்கள். ஸ்பிரிங் ஒன்று தொட்டுக்கொண்டிருப்பதை நம்பி ராமுழுக்க ஃப்ரிட்ஜ் ஓட்ட முடியாது. கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். பூட்டிய பிறகு ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் பிளக்கில் மல்டிமீற்றரை வைத்து அளங்கள். ஓடாத நேரத்தில் அளந்த வோல்ட்டால் பிரயோசனம் இல்லை.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையில். வேனுக்குப் போட்ட வயர் நுனிகள் எல்லாம் சில மாதத்தில் பச்சையாகிவிட்டன. என்ன செய்வது மாமா?
*(கல்லடி வாசகி)*

மகள், அது களிம்பு. உப்புக் காற்றும் ஈரமும் செம்பைத் தின்கிறது. வாடை தொடங்கினால் இன்னும் வேகம். நுனியில் தெரிகிறது மட்டும் அல்ல, தோலுக்கு உள்ளேயும் இழை வழியே ஊர்ந்து போகும். தோலைச் சீவிப் பாருங்கள், செம்பு பளபளப்பாக வருகிற இடம் வரை வெட்ட வேண்டும். கருப்பாகவே போனால் அந்த வயரை மாற்றுங்கள்.

இதற்கு வழி படகுக்காரரிடம் இருக்கிறது. படகு வயரில் ஒவ்வொரு செம்பு இழைக்கும் ஈயம் போலத் தெரிகிற வெள்ளீயப் பூச்சு இருக்கும். படகு எஞ்சின் சாமான் விற்கிற கடைகளில் கேளுங்கள். விலை கூடத்தான், கடலோரம் இருக்கிறவர்களுக்கு வேறு வழியில்லை. நுனிகளுக்கு நல்ல பிளையரால் லக் (வயர் நுனியில் மாட்டுகிற உலோகக் காது) நெரித்து, அதன் மேல் உள்ளே பசை பூசிய, சூட்டில் சுருங்குகிற குழாய் போடுங்கள். பசை வெளியே பிதுங்கி வந்தால் உப்பு உள்ளே போகாது. பசை இல்லாத மலிவுக் குழாயும் கடையில் கிடக்கும், அது நிறத்துக்கு மட்டும்தான்.

ஈயம் ஒட்டினால் என்ன என்று கேட்பீர்கள். நானும் ஒட்டுவேன், ஆனால் வேனில் தொங்கிக் குலுங்குகிற வயரில் அல்ல. ஒட்டின இடம் விறைத்துப் போகும், விறைப்பு முடிகிற இடத்தில் வயர் முறியும். தகரம் ஒட்டுகிற அசிட் பேஸ்டைப் பாவித்தால் உப்புக் காற்றே தேவையில்லை, அதுவே தின்றுவிடும்.

பற்றரி முனையை முதலில் துடைத்து இறுக்குங்கள், பிறகு மேலால் வாஸ்லின் பூசுங்கள். பூசிவிட்டு இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். மைனஸுக்கு வேனின் தகட்டை நம்பாதீர்கள், கடலோர வேனின் தகடு எந்த இடத்தில் கறள் என்று பெயின்ற் சொல்லாது. ஒவ்வொன்றுக்கும் மைனஸ் வயரைத் திருப்பிப் பியூஸ் பெட்டிக்கே கொண்டு வாருங்கள்.

கேள்வி: 300 வாட் சோலர் போட்டிருக்கிறேன். ஆகஸ்ட்டில் பற்றரி மத்தியானத்துக்கே நிறைந்தது. மார்கழியில் ஒன்றுக்கும் உதவவில்லை. இன்னொரு பனல் போடவா?
*(வாழைச்சேனை வாசகர்)*

கூரையில் இடம் இருந்தால் போடுங்கள், ஆனால் மாரிக்கு அது மருந்தாகாது. நல்ல வெயிலில் 300 வாட் பனல் ஐந்து மணித்தியாலக் கணக்கில், சூடு, வயர் எல்லாவற்றிலும் கால்வாசி கழித்து, 88 அம்பியர்-மணிக்குக் கிட்டத் தரும். கார்த்திகை தொடக்கம் தை வரை நமக்கு வானம் மூடிக் கிடக்கிற நாட்களில் அதில் மூன்றில் ஒன்று வந்தாலே சந்தோசம். பனலை இரட்டித்தாலும் இரண்டு கொஞ்சத்தின் கூட்டுத்தான்.

மாரிக்கு எஞ்சினைத்தான் பிடிக்க வேண்டும். 30 அம்பியர் டிசி-டிசி சார்ஜர் (எஞ்சின் பக்கத்துக் கரண்ட்டை அளவோடு வாங்கி மற்றப் பற்றரிக்கு ஏற்றுகிறது) ஒன்றை ஒல்டனேற்றருக்கும் (எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தருகிறது) வீட்டுப் பற்றரிக்கும் இடையில் பூட்டுங்கள். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றருக்கு மேல். சந்தி சந்தியாக நின்று இரண்டரை மணித்தியாலம் ஓடினால் 75 அம்பியர்-மணி ஏறியிருக்கும். சிலர் காசு மிச்சம் பிடிக்க வெறும் ரிலே ஒன்றால் இரண்டு பற்றரியையும் இணைக்கிறார்கள். ஈயத்துக்கு ஈயம் என்றால் அது சமாளிக்கும். லித்தியம் அப்படியல்ல, ஒல்டனேற்றர் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். பழைய டீசல் வேனின் சின்ன ஒல்டனேற்றர், எஞ்சின் மெதுவாகச் சுற்றி காற்று குறைந்த நேரத்தில், அந்தச் சுமையில் கருகிப் போகும்.

பனல் பற்றி இரண்டு சொல். கூரையோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பனல் 65 பாகைக்குச் சுட்டால் அதன் பலத்தில் ஏழில் ஒன்று போய்விடும். சாய்த்து வைக்கிற கம்பி வேலை நமக்குத் தேவையில்லை, சூரியன் உச்சிக்கு மேலால் போகிற நாடு. தென்னையின் கீழ் நிறுத்துகிற பழக்கம் இருந்தால் பனல்களைத் தொடராக இணைக்காமல் சமாந்தரமாக இணையுங்கள், ஒன்றில் ஓலை நிழல் விழுந்தாலும் மற்றது உழைக்கும். தேங்காய்க்கு என்னிடம் மருந்தில்லை.

கொன்ட்ரோலரில் (பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் சார்ஜை அளந்து விடுகிற பெட்டி) பற்றரியை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு பனலைக் கொடுங்கள். கழற்றும்போது பனல் முதலில். வீட்டு எம்சிபியை (கரண்ட் கூடினால் தானாக விழுகிற சுவிச்) பனல் லைனுக்குச் சுவிச்சாகப் போடாதீர்கள். வீட்டுக் கரண்ட் வினாடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொட்டு வரும், அந்த நேரத்தில் பொறி அணையும். பனல் தருகிற டிசி (ஒரே திசையில் ஓடுகிற கரண்ட்) பூச்சியத்துக்கு வராது, பிடித்த பொறி பிடித்தபடி நிற்கும். டிசி என்று எழுதியதை வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் நிற்கும்போது வயர் இழுத்து வேனுக்குக் கரண்ட் கொடுக்கிறோம். மழை நேரம் வேனின் கதவைத் தொட்டால் கையில் சுள்ளென்று பிடிக்கிறது. மகள் சின்னப் பிள்ளை. பயமாக இருக்கிறது.
*(காத்தான்குடி வாசகி)*

தங்கச்சி, இதை வாசித்து முடிக்க முதல் அந்த பிளக்கைக் கழற்றுங்கள். சரி பார்க்கும் வரை குத்த வேண்டாம்.

வேன் ரயரில் நிற்கிறது, ரயர் ரப்பர். உள்ளே சார்ஜரிலிருந்தோ, தோல் உரிந்த வயரிலிருந்தோ கரண்ட் தகட்டில் ஏறினால் நிலத்துக்கு இறங்க வழியில்லை. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுகிறவர்தான் வழி. வயரில் எர்த் சரியாக இருந்திருந்தால் அது அந்த வழியால் போய் ட்ரிப் சுவிச்சை விழுத்தியிருக்கும். ஆகவே உங்கள் வீட்டில் எர்த் எங்கேயோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் எக்ஸ்டென்சன் வயரில்தான். இரண்டு கோர் வயரா என்று பாருங்கள். மூன்று கோர் என்றாலும், எர்த் துவாரத்தில் பேனை மூடியைச் செருகி இரண்டு கால் பிளக்கைக் குத்துகிற நம் நாட்டுப் பழக்கம் நடந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

வீட்டு ட்ரிப் சுவிச்சில் 'டெஸ்ட்' பொத்தான் இருக்கும். அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது அலங்காரம், மாற்றுங்கள். மூன்று கோர் ரப்பர் கேபிள், 13 அம்பியர் பிளக், வேனுக்குள் தனியாக 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் ஒன்று, எர்த் வயர் வேனின் சேசிசில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். இதைப் பத்திரிகை பார்த்துச் செய்யாமல் அனுமதி பெற்ற மின்னியலாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். வேனில் இன்வேர்ட்டர் இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். வீட்டுக் கரண்ட்டும் இன்வேர்ட்டர் கரண்ட்டும் ஒரே லைனில் சந்திக்காதபடி மாற்றுச் சுவிச் வேண்டும், சந்தித்தால் இன்வேர்ட்டர் அந்த நொடியே வெடிக்கும்.

கேள்வி: பழைய ரோசா பஸ், 24 வோல்ட். இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து லைட்டும் ஃபேனும் ஓட்டுகிறேன். ஒரு பற்றரி அடிக்கடி சாகிறது.
*(அம்பாறை வாசகர்)*

சாகத்தான் செய்யும். இரண்டும் தொடராக நின்று ஒரே சார்ஜைப் பங்கு போடுகின்றன. நீங்கள் ஒன்றில் மட்டும் எடுத்தால் அது எப்போதும் பசியோடு கிடக்கும், மற்றது எப்போதும் அளவுக்கு மிஞ்சிக் கொதிக்கும். கொஞ்ச நாளில் இரண்டும் போகும். 24இலிருந்து 12 ஆக்குகிற கொன்வேட்டரை இரண்டு பற்றரிக்கும் சேர்த்துப் பூட்டுங்கள். பஸ்ஸில் படுத்துறங்குகிற எண்ணம் இருந்தால் வீட்டுப் பற்றரியைத் தனியாகவே வையுங்கள். பெரிய சுமை இருந்தால் அதையும் 24 வோல்ட்டிலேயே அமைக்கலாம், அதே வாட்டுக்குக் கரண்ட் பாதி, வயரும் மெல்லிசாகும்.

கேள்வி: வேனுக்குள் ஏசி போட முடியுமா?
*(ஏறாவூர் வாசகர்)*

முடியும். சராசரி 500 வாட் என்று எட்டு மணித்தியாலம் ஓடினால் ஓர் இரவுக்கு 310 அம்பியர்-மணிக்கு மேல். 100 ஏஎச் லித்தியம் நாலு வேண்டும், அதை மறுநாள் நிறைக்க டொல்பின் கூரை போதாது. கடல் காற்று வருகிற பக்கம் கதவைத் திறந்து, நுளம்பு வலை கட்டி, ஃபேனைப் போடுங்கள்.

அடுத்த முறை எழுதுகிறவர்கள் வேனின் மொடல், பற்றரி எங்கே இருக்கிறது, வயர் எத்தனை மீற்றர், எத்தனை எம்எம் என்பதையும் எழுதுங்கள். "லைட் எரியவில்லை" என்று மட்டும் வந்த இரண்டு கடிதங்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.